பெரியப்பா பிரேக் பிடித்த நாள்

முன்னால் போகும் காரில் காரணமில்லாமல் பிரேக் விளக்கு எரிந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். காலையில் லண்டனின் ஹரோவில் இருந்து வேலைக்குப் போகும்போது இப்படி நாலு பேரையாவது திட்டாமல் நான் போய்ச் சேர்ந்ததில்லை. பக்கத்தில் இருக்கும் கணவர், பாவம், பூனை ஏதும் குறுக்கே போயிருக்கும் என்பார். அவருக்குப் பொறுமை அதிகம். அவருடைய பெரியப்பா மன்னாரில் இருக்கிறார், அவருக்குச் சைக்கிள் மட்டும்தான் ஓடத் தெரியும்.

என் பெரியப்பா ஹரோவில் இருந்தார். அப்பாவின் மூத்த அண்ணன். அப்பாவை லண்டனுக்கு எடுப்பித்தவர் அவர்தான். இந்தச் செய்தியை அறியாமல் எங்கள் வீட்டுக்கு வந்தவர் யாரையும் அவர் திரும்பிப் போகவிட்டதில்லை. மொத்த வியாபாரக் கடைகள் வைத்திருந்தார். கோயில் திருவிழாவில் ஒரு நாள் அவருடைய உபயம். எனக்கும் அவரைப் பிடிக்கும். கரம் போர்ட் விளையாடும்போது என்னிடம் வேண்டுமென்றே தோற்றுப்போய், தலையில் கை வைத்து அழுவதுபோல நடிப்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி, நாங்கள் இருந்த வெம்பிளியில் பஸ் ஓட்டினார். வாரம் முழுவதும் நெரிசலில் ஊர்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் பறப்பார். லண்டனுக்கு வடக்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடக்கும். வளைவு கிடையாது, சுற்றுக் கிடையாது. கால் மைல் நேர்பாதை, அருகருகே இரண்டு கார், பச்சை விளக்கு எரிந்ததும் காலை அழுத்த வேண்டியதுதான். அதற்காக மாமா முப்பது வருடப் பழசான ஓர் அமெரிக்கக் காரை கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்த கராஜில் வைத்துப் பராமரித்தார். மண்ணிறம். ஸ்டியரிங் பிழையான பக்கத்தில் இருக்கும். அதற்குள் ஏறுகிறவர்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று.

"கதவை மெல்லச் சாத்து, மருமோள். அது வயசு போன மனுசன்."

அவர் ஓடிய பந்தய வகுப்பில், கார் கடையில் விற்பனைக்கு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும். புதிதாக ஒன்றும் பூட்டக்கூடாது. பணம் உள்ளவன் வேகத்தை விலைக்கு வாங்கிவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆகவே மாமா எதையும் வாங்கவில்லை, இருந்ததைத் துடைத்தார், கழற்றினார், திரும்பப் பூட்டினார். அந்தக் காரில் நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கே போயிருக்கிறேன். இறங்கும்போது மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு இறங்குவேன்.

ஒரு வருடம் மாமா வென்றார். அவருடைய அறையில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் திரும்பவே இடமில்லாததால் கிண்ணம் எங்கள் வீட்டு ஷோகேசுக்கு வந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்து மாமாவைப் பற்றிக் கேட்டார்கள். பெரியப்பாவும் ஒவ்வொரு முறையும் கேட்பார், "இது என்ன, பட்மின்ரனோ?" என்று. அம்மா ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளங்கப்படுத்துவார். மனுசனுக்கு விளங்காமல் இல்லை, வயிறு எரிந்துகொண்டிருந்தது என்று இப்போது சொல்வேன்.

அடுத்த சித்திரையில் பெரியப்பாவும் ஒரு கார் வாங்கினார். புத்தம் புதியது, வெள்ளை. ஒரு கம்பனி இந்தப் பந்தயத்துக்கு என்றே செய்து விற்ற கார். நம்பர் பிளேட் இல்லை, றோட்டில் ஓடவே கூடாது. கோயிலுக்கே அதை ட்ரெயிலரில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். ஐயர் வேட்டியை மடித்துக்கட்டி ட்ரெயிலரில் ஏறிப் பொட்டு வைத்தார். நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று, ஆனால் ஓட்டி நசிக்க வழியில்லை. அப்பாவும் இன்னும் மூன்று பேரும் மூச்சுப்பிடித்துத் தள்ள, ஒரு தேசிக்காய் நசிந்தது, மூன்று உருண்டு ஓடின. நான் சிரித்து அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

அந்தக் காரும் மாமாவின் வகுப்பிலேயே ஓடும் என்று தெரிந்தபோதுதான் வீட்டில் சத்தம் வந்தது. பெரியப்பா எங்கள் சோபாவில் சாய்ந்திருந்து கொண்டு, "இதுவும் பாக்டரியிலை செய்ததுதான், உம்மடையும் பாக்டரியிலை செய்ததுதான். சட்டத்திலை பிழை இருந்தாக் காட்டும் பாப்பம்" என்றார்.

மாமா நின்றபடியே பதில் சொன்னார். "அண்ணை, இந்த வகுப்பு, சனம் கடையிலை வாங்கிப் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்கின காருகளுக்கு. உங்கடை கார் ஒருநாளாவது பால் வாங்கப் போயிருக்குமோ?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா தேநீரைப் பார்த்தார். சட்டப்படி சரிதானே என்று கடைசியில் அப்பா சொன்னார். அதன் பிறகு மாமாவும் பெரியப்பாவும் பேசாமல் விட்டார்கள். இருவரையும் பிடித்த எனக்கு அது பெரிய வேதனை. சாமியறையில் நின்று, இரண்டு பேருக்கும் கெதியாகக் கோபம் மாறவேண்டும் என்று கும்பிட்டேன். கரம் போர்டில் தூசி படிந்திருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது. இந்த வகுப்பில் இரண்டு காரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. கம்பனி தன் காருக்கு எவ்வளவு வலு என்று சொல்லியிருக்கிறதோ அதைவைத்து, வலுக் குறைந்த காரை முதலில் விடுவார்கள், கூடியதைப் பிறகு விடுவார்கள். சின்னப் பிள்ளையைப் பத்தடி முன்னால் நிறுத்தி ஓட விடுவதுபோல. நியாயமான ஏற்பாடுதான், கம்பனி உண்மை சொன்னால். பெரியப்பாவின் காருக்குக் கம்பனி வலுவைக் குறைத்துச் சொல்லியிருந்தது. மீசை முளைத்த பெடியன் ஒருவன் தான் நாலாம் வகுப்பு என்று சொல்லிச் சின்னப் பிள்ளைகளுடன் ஓட வந்து நிற்பதைப்போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கவனமாக இருக்கவேண்டியது ஒன்றில்தான். அளவுக்கு மீறி வேகமாக ஓடிவிட்டால் பிடிபட்டுவிடுவான். வலுவைக் கூட்டி எழுதிவிடுவார்கள், அடுத்த முறை பின்னுக்குப் போய் நிற்கவேண்டும். ஆகவே வெல்லவும் வேண்டும், வென்றது மயிரிழையில் என்று காட்டவும் வேண்டும்.

இது களவு. கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு செய்கிற களவு. இதில் ஒரு எழுத்தும் எனக்கு ஒன்பது வயதில் தெரியாது.

பந்தயத்தன்று அம்மா வரவில்லை. அப்பா பெரியப்பாவின் வான் வண்டியில் போனார், அதன் பின்னால் ட்ரெயிலர். நான் அடம்பிடித்து மாமாவுடன் பழைய காரில் போனேன். இருவரும் ஒவ்வொரு ஓட்டமாக வென்று, கடைசி ஓட்டத்தில் ஒருவரை ஒருவர் சந்திக்கவேண்டி வந்தது. பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களுக்கு அது வேடிக்கை. ஒரே குடும்பமாம், எவ்வளவு அழகு என்று ஒரு பெண் சொன்னாள்.

பாதையின் முடிவுக்கு அருகில் வேலிக்குப் பின்னால் ஒரு சின்னக் குடில். ஓடி முடித்தவர்களுக்கு அவர்களுடைய நேரத்தைச் சொல்லுகிற வெள்ளைக்காரக் கிழவர் அதில் இருப்பார். எனக்கு அவர் சிநேகிதர், எப்போதும் சட்டைப்பையில் மின்ற் இனிப்பு வைத்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் வாளி ஒன்றின் மேல் ஏறி நின்றுதான் நான் பார்த்தேன். மாமா முதலில் புறப்பட்டார். கொஞ்சம் பொறுத்துப் புறப்பட்ட வெள்ளைக் கார், எங்கள் மண்ணிறக் காரை, அது நிற்பதுபோலக் கடந்தது. அப்போதுதான் என்னைத் தாண்டிய வெள்ளைக் காரின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. முடிவுக்கோடு இன்னும் முன்னால் இருந்தது. மாமாவின் கார் கிட்டக் கிட்ட வந்தது. பெரியப்பா ஒரு மூக்கு நீளத்தில் வென்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கரம் விளையாட்டேதான்! மாமா மற்றவர்கள் முன்னால் கேவலமாகத் தோற்கக்கூடாது என்று பெரியப்பா பிரேக் பிடித்திருக்கிறார். கோபம் மாறிவிட்டது. என் கும்பிடு பலித்துவிட்டது.

மாமா தோற்றதில் கவலையா என்று கிழவர் என்னைக் கேட்டார். கவலையே இல்லை என்று சொன்னேன். பெரியப்பாவின் நல்ல மனதை அவருக்கு விபரமாக எடுத்துச் சொன்னேன். அவர் நினைத்திருந்தால் இன்னும் எவ்வளவோ வேகமாகப் போயிருக்கலாம், கோட்டுக்கு முன்னாலேயே பிரேக் பிடித்தார், என் இரண்டு கண்ணாலும் கண்டேன், எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் என்றேன். என் ஆங்கிலத்தில் ஒரு தட்டுத்தடங்கல் இல்லை. கிழவர் இனிப்பைத் தந்தார். பிறகு பாதித் தூரம் வர வெள்ளைக் கார் எடுத்த நேரத்தைத் தன் தாளில் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். குடிலை வேறொருவரிடம் விட்டுவிட்டு அலுவலகத்துப் பக்கம் நடந்து போனார்.

பெரியப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இயந்திரம் சூடேறிவிட்டது, அதுதான் பிடித்தேன் என்றாராம். சூடேறின இயந்திரத்தைத் திறந்து காட்டச் சொன்னபோது மாட்டேன் என்றாராம். அந்த ஓட்டத்தைத் தள்ளுபடி செய்து, கிண்ணத்தை மாமாவிடம் கொடுத்தார்கள். பெரியப்பா என்கிற அந்த மனிதரிடம் ஒரு சொட்டு வெட்கம் இருந்ததா? இல்லை. பொய்க்காரை ஓட்டியதற்கு இல்லை, பொய்யாகப் பிரேக் பிடித்ததற்கும் இல்லை. ட்ரெயிலருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, முகம் கறுத்து, அவர் கேட்டது ஒன்றைத்தான்.

"வெள்ளைக்காரனிட்டை எங்கடை ஆளைக் காட்டிக் குடுத்தது ஆர்?"

காட்டிக் குடுக்கிறது என்ற அந்தச் சொல் எங்கள் சனத்திடம் எங்கேயிருந்து வந்தது, அதற்காக யுத்தகாலத்தில் ஊரில் யார் யாருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். அப்பா தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குடிலுக்குப் பக்கத்தில் வாளியின் மேல் யார் நின்றது என்பதை எல்லோரும் கண்டிருந்தார்கள். நான் பெருமையாக வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா என் தோளைப் பிடித்துத் தன் பின்னால் இழுத்துவிட்டார்.

"நான்தான் சொன்னனான்" என்றார் மாமா.

பெரியப்பா கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிலத்தில் துப்பிவிட்டு, "தம்பி, வா போவம்" என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா போனார்.

அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. ஷோகேசில் இருந்த கிண்ணம் ஒருநாள் காணாமல் போனது. கோயிலில் சனம் மாமாவைக் கண்டால் விலகிப் போனது. பொய்க்காரை ஓட்டியவருக்கு உபயம் தொடர்ந்தது, சொன்னதாகச் சொன்னவருக்குத் துரோகி என்ற பட்டம் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து நான் பெரியபிள்ளையாகி எனக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தபோது, அவன் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று ஹரோவில் இருந்து சொல்லி அனுப்பினார்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பா அண்ணன் பக்கம். தாய்மாமன் செய்யவேண்டிய சடங்குக்கு, நான் அதுவரை கண்டிராத அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைப் பேர்மிங்காமில் இருந்து பிடித்துவந்து மேடையில் நிறுத்தினார்கள். சட்டப்படி அவரும் மாமாதான். என் பெயர் என்னவென்று அவர் மேடையில் வைத்து என்னிடமே கேட்டார்.

ஒன்பது வயதில் நான் சொன்னது உண்மை. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நான்தான் சொன்னேன் என்று பிறகு பெரியப்பாவிடம் நேரிலேயே சொன்னேன். சின்னப்பிள்ளைக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்திருப்பான் என்றார். இப்போது அவர் படுக்கையில் இருக்கிறார், ஒருக்கா வந்து பார் என்று அப்பா கேட்கிறார். நான் போகவில்லை.

ஆனால் பந்தயத்தன்று பின்னேரம் என் கோபம் முழுவதும் மாமாவின் மேல்தான் இருந்தது. லண்டனுக்குத் திரும்பும் வழியில், மடியில் அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"நான் சொன்னதை ஏன் நீங்கள் சொன்னதெண்டு சொன்னனீங்கள்?"

மாமா ஒரு லொறிக்கு வழி விட்டார். பிறகு, "நீ இன்னும் பெரியப்பாவின்ரை வீட்டுக்குப் போய் வரவேணும், மருமோள்" என்றார்.

நான் என்ன கேட்கிறேன், இவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பெரியப்பா பிரேக் பிடித்ததைக் கண்டது நான். அந்த நல்ல செய்தியை முதலில் சொன்னதும் நான். அந்தப் பெயரை இவர் எல்லோருக்கும் முன்னால் என்னிடமிருந்து தட்டிப் பறித்துவிட்டார். வெம்பிளி வரும்வரை நான் அவருடன் பேசவில்லை. வீட்டு வாசலில் கிண்ணத்தை இருக்கையிலேயே போட்டுவிட்டு இறங்கி, அந்தப் பழைய காரின் கதவை என் பலம் எல்லாம் கூட்டி ஓங்கிச் சாத்தினேன்.

நான் உள்ளே போகும்வரை மாமா காரை எடுக்கவில்லை.