கழுவிய வேர்கள்

மரத்தின் வேரும் மண்ணிலுள்ள பூஞ்சணமும் ஒன்றையொன்று ஊட்டி வாழ்கின்றன என்று அண்மையில் ஓர் அறிஞர் மேடையேறி வியந்தார். கூட்டமும் வியந்தது. எனக்கு வியப்பில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் கூடை சுமந்த ஒரு பெண் இதே செய்தியை எனக்குச் சொல்லியிருந்தாள். கேளாதிருந்தவன் நான்.

ஜப்பானியர் குண்டுவீசிய பின்பு, எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றிக் கரிந்துகிடந்த மேட்டில் மரம் வளர்த்து அவற்றை மறைக்க ஆங்கிலேயர் தீர்மானித்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் வந்துபோகும் விமானத்துக்கு எதிராக, ஆளுயரம் வளரவே ஆண்டுகள் கேட்கும் கன்றுகளை அணிவகுத்து நிறுத்திய போர்த்திறம் அது! வெருகல் ஆற்றோரக் காட்டிலிருந்து கன்றுகள் வந்தன. அவற்றுக்குப் பொறுப்பான துரை தம் ஊரில் ரோசாச் செடி வளர்த்துப் பரிசு பெற்றவர். ஆகவே நம் காடுகளையும் அறிந்தவரானார். நான் அவருடைய கிளாக்கர். கடிதம் எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் என் வேலை.

கன்றுகளின் வேரில் வெண்ணூல் போல ஏதோ படர்ந்திருந்தது. துரை முகஞ்சுளித்தார். நோய் என்றார். வேர்களை மருந்துநீரில் அலம்பிச் சலித்த மணலில் நட ஆணையிட்டார்.

நாற்றுமேடையில் வேலைசெய்த பெண்களில் அவள் வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்றைச் சேர்ந்தவள், கணவனை இழந்தவள். துறைமுக வேலைச்சீட்டு இருந்தபடியால் அவளுக்கு அரசாங்கப் பங்கீட்டுக்கு மேலே கொஞ்சம் அரிசி கிடைத்தது. மூன்று பிள்ளைகள் அந்த அரிசியை நம்பியிருந்தனர். ஆணையைக் கேட்டதும் அவள் கூடையை இறக்கினாள்.

“கிளாக்கரையா, அந்த வெள்ளையைக் கழுவ ஏலாது. அதுதான் கண்டுக்குச் சோறு குடுக்கிறது. நாங்கள் காட்டுக்கண்டு கிளப்பினால் தாய்மரத்தடி மண்ணும் ஒரு கூடை அள்ளிக்கொண்டுதான் வாறனாங்கள்.”

“அது பூஞ்சணம். நோய்.”

“நோயெண்டால் அந்தக் காடு எப்பவோ செத்திருக்குமே! உங்கட துரை காட்டையும் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்டப் போறாரோ?”

மற்றப் பெண்கள் சிரித்தனர். என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். வேலை கூடிவிட்டதென்று முறையிடுகிறாள் என்றேன். இலக்கணமும் ஆங்கிலமும் துறைபோகக் கற்றவன், மண் சுமப்பவளிடம் மண்ணைப் பற்றிக் கேட்டறிந்து அதை ஆங்கிலத்திலும் ஏற்றுவதா?

இரண்டு மாதத்தில் கன்றுகள் மஞ்சளித்துக் கருகின. வேலியோரத்து ஒரு வரிசை மட்டும் பச்சையாக நின்றது. துரை அதைத் தோண்டுவித்தார். மணலுக்கு அடியில் கறுத்த காட்டுமண். வேரெங்கும் அதே வெண்ணூல். அந்த வரிசையை நட்ட அவள்தான் ஒருவருக்கும் தெரியாமல் அந்த மண்ணை இட்டிருந்தாள்.

துரையின் முகம் மலர்ந்தது. நோயின் ஊற்று அகப்பட்டுவிட்டதாம். மற்றக் கன்றுகளெல்லாம் இங்கிருந்தே தொற்றி இறந்தனவாம். நோயின் ஊற்று பச்சையாக நிற்பதும் நோயற்ற வேர்கள் கருகிக்கிடப்பதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொன்னால், அவள் அன்று சொன்னதை ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும். அந்த வரிசையைப் பிடுங்கி எரித்தார்கள். அவளை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை நானே எழுதினேன். நடை செம்மையாக இருக்கிறதென்று துரை பாராட்டினார், வெட்கமின்றி மகிழ்ந்தேன்.

வாயிலில் அவளுடைய வேலைச்சீட்டை வாங்கிக்கொண்டவனும் நானே.

“நான் சொன்னதை அண்டைக்குத் துரைக்குச் சொன்னனீங்கள்தானே, ஐயா?”

“ஓம், சொன்னனான்.”

“அப்ப அந்த மனிசனுக்குத்தான் விளங்கேல்லை. நீங்கள் என்ன செய்யிறது, பாவம்.”

அடுத்த கிழமை அரிசிக்கு என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை. வெறுங்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, படகுத்துறைப் பக்கம் நடந்தாள்.