மரகதம் மேடத்தின் இரண்டு அட்டைகள்

மரகதம் மேடம் காலமாகிவிட்டார் என்று எங்கள் தெரு மருந்துக்கடைத் தொலைபேசியில் சொன்ன பெண்ணிடம் நான் முதலில் கேட்டது, "நீங்க யாரு பேசறது?" என்றுதான். அடுத்ததாக, "இந்த நம்பரை யார் குடுத்தா?" என்றேன். மேடத்தின் நாட்குறிப்பில் 'ரைட்டர் சார்' என்று எழுதி இந்தக் கடையின் எண் இருந்ததாம். அதற்குப் பிறகுதான் செய்தி உள்ளே இறங்கியது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதும் ரைட்டராகவே காலம் தள்ளியவனுக்குத் துக்கம்கூட விசாரித்துவிட்டுத்தான் வருகிறது.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் குற்றவியல் படித்தவர்கள். உங்களுக்கு அவர் பேராசிரியர். எனக்கோ முதல் ஆறு மாதம் அவர் சந்தேகத்துக்குரிய நபர். அதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் எழுதினால், பொய் வாக்குமூலம் என்று அவரே சிரிப்பார்.

எண்பதுகளின் நடுவில், சென்னைக்கு வெளியே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் ஸ்டேஷனுக்கு மேலிடத்து அனுமதிக் கடிதத்தோடு வந்தார். வேலப்பன்சாவடியில் பஸ் இறங்கி வெயிலில் நடந்துவந்து, என் மேசைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு முன் பள்ளிக்கூடங்களில் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைச் சீண்டுகிறது, அடிக்கிறது என்று ஆராய்ந்தவராம். "அடிச்ச பையனை எல்லாரும் கவனிப்பாங்க. 'அடி வாங்கினவனுக்கு நல்லா வேணும்'னு சொல்லிட்டுப் போறவனைத்தான் நான் தேடறேன்" என்றார். இப்போது, எந்தக் குற்றத்துக்கு எந்தத் தண்டனை சரி என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்பது ஆராய்ச்சி. இதற்கெல்லாம் ஒருவர் மெனக்கெட்டு வருவாரா? லஞ்ச ஒழிப்பா, பத்திரிகையா, எங்கள் ஸ்டேஷனிலேயே எவனாவது கிளப்பிவிட்டதா என்று மனம் ஓடியது. டீ வரவழைத்தேன். வேண்டாம் என்றார். சந்தேகம் இரட்டிப்பானது.

செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். புகார் கொடுக்க யார் வந்தாலும், வந்தவர் முதலில் என்ன சொன்னார், நான் முதலில் என்ன கேட்டேன் என்று பென்சிலால் குறிப்பார். ஒருநாள் கேட்டார்: "ரைட்டர் சார், என்ன நடந்துச்சுன்னு கேக்கறதுக்கு முன்னாடியே யார் மேல சந்தேகம்னு கேக்கறீங்களே, ஏன்?"

"நேரம் மிச்சம் மேடம்."

அதையும் எழுதிக்கொண்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவரை அவருடைய சொந்த ஊர்ப் பக்கம் விசாரிக்கச் சொன்னேன். என்ன ஜாதி என்று தெரிந்தால் எதற்காக வருகிறார் என்பதும் தெரிந்துவிடும் என்று நம்பினேன். எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. அடுத்த செவ்வாய் வந்ததும் வராததுமாக, "என் ஜாதியைக் கண்டுபிடிச்சிட்டீங்களா சார்? கண்டுபிடிச்சா எங்கிட்டயும் சொல்லுங்க. நோட்ல குறிச்சுக்கறேன்" என்றார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவருடைய ஆராய்ச்சி முறை அட்டைகள்தான். ஒரு சின்னக் கதை அட்டையில் தட்டச்சு செய்திருக்கும். கடைவாசலில் நின்ற சைக்கிளை ஓர் ஆள் எடுத்துக்கொண்டு போய்ப் பிடிபடுகிறான். அவனை என்ன செய்யலாம்? நசரத்பேட்டை, நூம்பல் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வாங்கினார். என்னிடமும் ஒன்று கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. அதே கதைதானே என்று நானும் யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நூம்பல் கோவிந்தசாமியின் கிணற்று மோட்டார் காணாமல் போனது. பல தலைமுறையாக அங்கே நிலம் வைத்திருக்கும் குடும்பம்.

"மோட்டார கய்ட்டினு பூட்டானுங்க சார்."

"யார் மேல சந்தேகம்?"

"வேற யாரு, காலனி ஏழுமலதான். அவங்கப்பன் எங்க நெலத்துல கூலிக்கு நின்னவன். இவன் கம்பெனிக்குப் போறான், பேண்ட்டு போட்டுகினு எங்க ஊட்டு வயியாவே சைக்கிள்ல போறான். ஸ்பேனர் புட்ச்ச கை சார் அது."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. எழுதினேன். அம்பத்தூரில் அவன் வேலை செய்த கம்பெனி வாசலில், ஷிப்ட் மாறும் நேரத்தில், நூறு பேர் பார்க்க ஏழுமலையைப் பிடித்து வந்தார்கள். மூன்று நாள் ஸ்டேஷனில் இருந்தான். அடி விழுந்தது. நான் அடிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் கோவிந்தசாமியின் தம்பி வந்து நின்றார். மோட்டார் எரிந்துபோயிருந்ததால் பூந்தமல்லியில் காயில் கட்டும் கடையில் கொண்டுபோய்ப் போட்டது அவர்தானாம். கிணறு இருவருக்கும் பொது; ஆனால் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு. ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "அவுருதான் எங்கூட பேசறதே இல்லியே சார், நா எப்டி சொல்றது?" என்றார். என்ன நடந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். வழக்கை மூடினோம். ஏழுமலையைப் போகச் சொன்னோம்.

கம்பெனி அவனை உள்ளே விடவில்லை. அவன் மீது குற்றம் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்தால்தான் வேலை. நான் எழுதி நீட்டினால் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார்; எழுதாவிட்டால் அவருக்கு ஞாபகமே இருக்காது. ஏழுமலை தினமும் வாசலில் வந்து நின்றான். மேடம் நான்கு செவ்வாய் தொடர்ந்து கேட்டார். நான் மசியவில்லை. அந்தக் கடிதம் ஸ்டேஷனின் தப்புக்கு ஸ்டேஷனே கொடுக்கும் சாட்சி. அதை வாங்கி என்னை மாட்டிவிடத்தான் இவர் இத்தனை மாதம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தீர்மானமாக நம்பினேன்.

ஐந்தாவது செவ்வாய் இரண்டு அட்டைகளை என் மேசைமேல் வைத்தார். "இதுல எது உங்க கையெழுத்து சார்?"

இரண்டும் என்னுடையவை. அதே சைக்கிள், அதே கடை, அதே வயது. ஒன்றில் அந்த ஆள் பெரிய தெருவில் குடியிருப்பவன். அதற்குக் கீழே, 'குடும்பத்துப் பிள்ளை. புத்தி சொல்லி அனுப்பலாம்' என்று எழுதியிருந்தேன். இன்னொன்றில் காலனியில் குடியிருப்பவன். 'இப்போதே தட்டி வைக்காவிட்டால் பெரிய கேடி ஆவான். ரிமாண்ட்.'

"எத்தனை நாளா திட்டம் போட்டீங்க?" என்று கத்தினேன்.

"உங்களை மட்டும் சொல்லல சார். ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான் எழுதியிருக்காங்க. ஊர் எழுதினா அது கருத்து. நீங்க எழுதினா அது கேஸ்." பிறகு, "கார்டை நீங்களே வச்சுக்குங்க. எங்கிட்ட நகல் இல்ல" என்றார்.

நகல் இல்லை என்பதை நான் நம்பவில்லை. ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் எதிரிலேயே கடிதத்தை எழுதினேன். இன்ஸ்பெக்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஏழுமலைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சில வருடம் கழித்து மேடத்தின் ஆராய்ச்சி புத்தகமாக வந்தபோது வாங்கி, வரி வரியாக என்னைத் தேடினேன். நான் அதில் இல்லை. மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

செய்தி கேட்டதும் ஆவடியில் அவர் வீட்டுக்குப் போனேன். கிளம்பும்போது அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பக்கத்துச் சந்தில் ஒருவர் குனிந்து, தண்ணீர் மோட்டாரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் ஸ்பேனர்.

"யாருய்யா அது? மோட்டார்கிட்ட இன்னா வேலை?" என்றேன். ஸ்டேஷன் குரல், துக்க வீடே திரும்பிப் பார்த்தது.

அவர் நிமிர்ந்தார். காதோரம் நரைத்திருந்தது.

"தண்ணி ஏறல சார். இந்த ஊட்டு மோட்டார எப்பவும் நாந்தான் பாக்கறது. மேடத்தக் குளிப்பாட்ட தண்ணி வோணும்ல" என்றார் ஏழுமலை. "நல்லா கீறீங்களா ரைட்டர் சார்?"

"அன்னிக்கு உங்க பேரை எழுதினது நான்தான்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார். லெட்டரும் அதே கையெழுத்துதான். ரெண்டையும் பாத்தவன்தான நானு." மூடியைத் திருப்பி மாட்டினார். "அந்த சுவிட்ச கொஞ்சம் போடுங்க சார்."

போட்டேன். தண்ணீர் ஏறியது.

மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை அந்த இரண்டு அட்டைகளும் அவருடைய ஒரு கேள்வியும்தான். யார் என்று கேட்பதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள் என்பதை எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். அன்று அவர் வீட்டிலேயே, அட்டைகள் சட்டைப்பையில் இருக்க, நான் முதலில் கேட்டது யார் என்றுதான்.