நாய்க்குட்டிக்கு அடித்த பெரட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளிலேயே, எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். இதை நான் வாயால் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த நாட்களில் நான் நடந்த நடையைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தாள், நான் சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் வாசலில் ஏழு மாதம் நின்றேன். சின்னக் கிளாக்கர் வேலை ஒன்று காலியாக இருந்தது. தோட்டத்தை நடத்தும் துரையிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர் பெரிய கிளாக்கர் ஒருவர்தான். அப்பா தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் என்பதால் அந்த ஒரு வார்த்தை அவருடைய தொண்டையிலேயே நின்றுகொண்டிருந்தது.

தை பிறந்து சில நாளில் அவரே என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனிதர். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுவார்.

"தம்பி, நாய்க்குட்டி வளர்த்த அனுபவம் உமக்கு இருக்கோ?"

லயத்தில் நாய் வைத்திருக்கத் துரை விடுவதே இல்லை. நாயை நான் தூரத்தில் இருந்துதான் பார்த்திருக்கிறேன், அதுவும் பெரும்பாலும் ஓடிக்கொண்டே.

"இருக்குதுங்க ஐயா" என்றேன். வேலை கேட்டு நிற்பவனுக்கு எல்லாவற்றிலும் அனுபவம் இருக்கும்.

துரையின் மனைவி துரைசாணி தன் பங்களாவில் பிறந்த குட்டிகளில் ஒன்றைப் பெரிய கிளாக்கருக்குப் பிரியமாகக் கொடுத்துவிட்டாள். மறுக்க முடியவில்லை. உள்ளங்கை இரண்டில் அடங்கும் தவிட்டு நிறக் குட்டி. வந்த முதல் நாளே ஹாலில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தை நனைத்துவிட்டது. அது அவருடைய மனைவி கொழும்பில் வாங்கிய கம்பளம். அந்த அம்மாள் தங்கையின் பிரசவத்துக்காக யாழ்ப்பாணம் புறப்படும்போது கட்டளை போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"நான் திரும்பி வரேக்குள்ள இது வெளியில போகப் பழகியிருக்கவேணும், இல்லாட்டி ஒண்டில் நாய், ஒண்டில் நான் எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா" என்றார் பெரிய கிளாக்கர். "இந்த வீட்டிலயே தங்கி நீர் இதைப் பழக்கிவிடும். மிச்சத்தை நான் துரையோட கதைக்கிறன்."

அன்று மாலையே பாயையும் கம்பளியையும் சுருட்டிக்கொண்டு அவருடைய குவாட்டர்ஸ் பின்னறைக்குக் குடிபோனேன். என் உத்தியோக வாழ்க்கை ஒரு நாய்க்குட்டியின் சிறுநீர்ப்பையில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நான் அப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டேன். 'ஒரு பொறுப்பு' என்றுதான் அம்மாவிடம் சொன்னேன்.

படித்தவன் புத்தகத்தைத்தான் தேடுவான். பங்களாச் சமையல்காரரிடம் கெஞ்சி, துரை கழித்துப்போட்ட புத்தகக் கட்டிலிருந்து அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். நாய் பழக்குவது பற்றித்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். குளிர்காலத்தில் குட்டியைப் பழக்குவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. முழங்கால் அளவு கிடக்கும் வெண்பனியை வாரி ஒதுக்கி, சின்னதாக ஓர் இடம் உண்டாக்கி, அங்கே குட்டியை விடவேண்டுமாம்.

எங்கள் தோட்டத்தில் வெண்பனி பெய்வதில்லை. ஆனால் நுவரெலியாவுக்கு மேலே அந்த உயரத்தில், தையிலும் மாசியிலும் விடியற்காலை புல்லெல்லாம் உப்புக் கொட்டினமாதிரி உறைந்து கிடக்கும். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். முழங்காலுக்கு வராவிட்டால் என்ன, பனி பனிதானே என்று நான் முடிவுசெய்தேன். புல் செதுக்கும் சுரண்டியை இரவல் வாங்கி, குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பாய் அளவு இடத்தில் உறைபனியைச் சுரண்டினேன். சுரண்டி முடிப்பதற்குள் வெயில் வந்து மீதிப் பனியெல்லாம் தானாகவே கரைந்துவிடும். குட்டியும் அதற்குள் கம்பளத்தில் காரியத்தை முடித்துவிடும்.

புத்தகம் மூன்று விஷயத்தை அடித்துச் சொன்னது: ஒரே நேரம், ஒரே இடம், ஒரே சொல். சொல்லையும் அதுவே கொடுத்திருந்தது. தமிழில் 'உன் கடமையைச் செய்' என்று வரும். நான் பனியில் நின்று குட்டியைப் பார்த்து அதை இங்கிலீஷில் சொன்னேன். குட்டி ஒரு காலைத் தூக்கியது. சந்தோஷப்பட்டேன். அதை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்கியது. பிறகு மூன்றாவது. பாதம் குளிர்ந்ததில் தரையில் வைக்கப் பிடிக்கவில்லை. கடைசியில் என் பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அடுப்புச் சாம்பலைச் சூட்டோடு அள்ளிவந்து அந்த இடத்தில் பரப்பினேன். இது புத்தகத்தில் இல்லாத என் சொந்தக் கண்டுபிடிப்பு. குட்டி சாம்பலை முகர்ந்து பார்த்தது, சுருண்டு படுத்தது, தூங்கிவிட்டது.

மலைக்குப் போகிற வழியில் அம்மா கூடையோடு நின்று இதைப் பார்த்தாள்.

"என்னடா அது, நாய்க்கு இங்கிலீசா?"

"அதுக்கு வழக்கப்படுத்துறேம்மா."

"பச்சப்புள்ளைக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அண்ணன் போறதப் பாத்துத் தம்பி போகும். நீ மொதல்ல போயிக் காட்டு, அது பின்னால போகும்" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் கேலிக்குச் சொன்னாள். நான் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுவது, அதாவது பெரட்டு, தப்பு மேளம் அடித்துத்தான். விடிகிற நேரம் பெரட்டுக் களத்தில் தப்புச் சத்தம் கேட்டால் லயத்தில் அடுப்புகள் எரியும், ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு களத்துக்கு வந்து, அன்றைய வேலை என்ன என்று கேட்டுக்கொண்டு கலைவார்கள். பெரிய கிளாக்கர் குவாட்டர்ஸ் அந்தக் களத்துக்கு நேர் மேலே மேட்டில் இருந்தது. மறுநாள் தப்பு அடிக்கத் தொடங்கியதும் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். வேட்டியை ஒதுக்கி, எஸ்.எஸ்.சி. வரை படித்த நான், ஒரு நாய்க்குட்டிக்கு முன்மாதிரியாக உறைபனியில் நின்றேன்.

புல்லில் இருந்து ஆவி எழுந்தது. குட்டி வந்து அந்தச் சூட்டை முகர்ந்தது. பக்கத்திலேயே குந்தியது. போனது!

கீழே தப்படிக்கிற அண்ணன் குச்சியைத் தூக்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னேன். வேறென்ன செய்வது?

நாலைந்து நாளில் முன்மாதிரி தேவைப்படவில்லை. தப்புச் சத்தம் கேட்டவுடனே குட்டி போர்வைக்குள் இருந்து புறப்பட்டு, வழுக்கி விழுந்து எழுந்து, கதவைப் பிறாண்டும். பகலில் எந்தத் தொல்லையும் இல்லை, தானாகவே வெளியே போய்வரும். அந்த விடியற்காலைக் குளிரில்தான் அதற்குத் தப்பு தேவைப்பட்டது. பெரிய கிளாக்கர் நேரில் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரன்" என்றார். என்னையா, நாயையா என்று நான் கேட்கவில்லை. வரும் சனிக்கிழமை மனைவியைக் கூட்டிவருவதாகச் சொல்லி, வீட்டை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறினார்.

அவர் போன மறுநாள் தோட்டத்தில் ஸ்ட்ரைக்.

அந்த வருஷப் பனியில் கொழுந்து கருகிக் கிடந்தது. கொழுந்து இல்லாத மலையில் வழக்கமான எடைக்குக் கொழுந்து கொண்டுவா என்றால் யாரால் முடியும்? கொழுந்து எடை குறைந்த பெண்களுக்கெல்லாம் துரை அரைநாள் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்தான், போடச் சொன்னார். அப்பா முன்னால் நின்று வேலையை நிறுத்தினார். நியாயமான ஸ்ட்ரைக். நான் மனதார ஆதரித்தேன். ஆனால் ஸ்ட்ரைக் என்றால் பெரட்டு இல்லை, பெரட்டு இல்லையென்றால் தப்பும் இல்லை. இந்தக் கடைசிக் கணக்கு எனக்கு மறுநாள் விடிந்தபிறகுதான் விளங்கியது.

குட்டி எழுந்து கதவைப் பார்த்துக் காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெளியே தூக்கிக்கொண்டு போய் விட்டேன். என் காலடியில் உட்கார்ந்து காத்திருந்தது. நானும் காத்திருந்தேன். இங்கிலீஷில் சொன்னேன், தமிழில் சொன்னேன், பழையபடி முன்மாதிரியும் காட்டினேன். ஒன்றும் அசையவில்லை. உள்ளே வந்ததும் கம்பளத்தின் நடுவில் போய் மனம்விட்டுப் போனது. அடுத்த நாளும் அப்படியே. அன்று வியாழன். சனிக்கிழமை அந்த அம்மாள் வருகிறார்.

வெள்ளிக்கிழமை விடியும் நேரம் குசினியில் இருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தேன். இரண்டு விறகுச் சிராய். பிறந்த நாள் தொட்டு தினமும் கேட்ட அடி. கை தானாகவே போட்டது. அவ்வளவு நன்றாக வரும் என்று நானே நினைக்கவில்லை. குட்டி பாய்ந்து ஓடிப் பனியில் குந்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த உற்சாகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் அடித்தேன். கடைசியில் ஒரு உருட்டு உருட்டி முடித்தேன்.

மூடுபனிக்குள் ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பல கதவுகள்.

"ஏன்டி, ஸ்ட்ரைக்கு முடிஞ்சிருச்சாம்ல?"

"யாரு சொன்னா?"

"தப்பு அடிக்குதே, வேற யாரு சொல்லணும்?"

டின்னை மெதுவாகக் கீழே இறக்கினேன். கீழே வரிசை வரிசையாகக் கூடைகள் களத்துக்கு வந்துகொண்டிருந்தன. பாதித் தோட்டம் வந்துவிட்டது. நடுவில் அப்பா தலைப்பாகைகூட இல்லாமல் ஓடிவந்து நின்று கத்தினார்.

"எவன்டா தப்படிச்சது?"

"தலைவரே, என் தப்பு வீட்டுல ஆணியில தொங்குதுங்க. வந்து பாருங்க!" என்று தப்படிக்கிற அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று சரிவில் இறங்கினேன். டின்னை வைத்துவிட்டு வந்திருக்கலாம். வைக்கவில்லை. நான் களத்தில் கால் வைக்கிறபோது துரையின் மோட்டார் சைக்கிளும் வந்து நின்றது. சனத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் கையில் இருந்த டின்னைப் பார்த்தார்.

"நீயா அடிச்சது?"

"ஆமாங்க துரை."

"நல்ல பொடியன்! திங்கக்கிழமை ஆபீஸ் வா. பேனா கொண்டு வா."

ஏழு மாதம் வாசலில் நின்று கிடைக்காதது ஒரு பிஸ்கட் டின்னில் கிடைத்துவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா பார்த்தாள். ஸ்ட்ரைக்கை உடைத்தவன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தார்கள். வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் இந்த முகங்கள் போகும். உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உடனே சொல்லவில்லை. ஒரு நிமிஷம் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் மேசை, நாற்காலி, மை ஒற்றும் தாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

"சொல்லுடா" என்றார் அப்பா.

"பெரிய கிளாக்கர் வீட்டு நாய்க்குட்டி ஒண்ணுக்குப் போறதுக்காக அடிச்சேங்க."

யாரும் சிரிக்கவில்லை. நம்பினால்தானே சிரிக்க! "படிச்ச புள்ளைல, பொய்யும் புதுசா இருக்கு" என்றாள் ஒரு கிழவி. "அப்பிடின்னா இப்ப அடிச்சுக் காட்டு."

குட்டி எனக்குப் பின்னாலேயே வந்திருந்தது. அடித்தேன். பாவம், அப்போதுதான் போய்விட்டு வந்திருக்கிறது, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. இருந்தாலும் களத்து ஓரத்துப் புல்லுக்கு விழுந்தடித்து ஓடி, குந்தி, உடம்பெல்லாம் நடுங்க முக்கிப் பார்த்தது. இரண்டு சொட்டு வந்தது. அடியை நிறுத்தினேன், எழுந்து வந்தது. திரும்ப அடித்தேன், திரும்ப ஓடியது.

முதலில் சிரித்தது தப்படிக்கிற அண்ணன். "தலைவரே, உண்மைதாங்க! இந்தப் புள்ள அதுக்குப் போயிக் காட்டினதையே நான் கண்ணால பாத்தேன்!" என்று அவர் விளக்கமாகச் சொல்லத் தொடங்கியதும் களமே இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா துரையின் காதில் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். துரையின் முகம் கழுத்தில் இருந்து மேலாகச் சிவந்துகொண்டே போனது. திங்கட்கிழமை பற்றி அவர் பிறகு பேசவில்லை. சனம் கூடைகளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பியது. ஸ்ட்ரைக் தொடர்ந்தது.

சனிக்கிழமை வந்த அந்த அம்மாள் கம்பளத்தை முகர்ந்து பார்த்தார். குட்டி பங்களாவுக்கே திரும்பிப் போனது. "நீர் இனித் துரையின்ர முகத்தில முழிக்கேலாது தம்பி" என்று பெரிய கிளாக்கர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அடுத்த வாரம் முழுப் பேர் போடச் சம்மதித்துத் துரை இறங்கிவந்தார். சின்னக் கிளாக்கர் வேலைக்கு லிந்துலைப் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்தார்.

ஸ்ட்ரைக் முடிந்து தோட்டத்தில் வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அப்பாவும் நானும் எங்கள் லயத்துக் காம்பரா அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அம்மா தண்ணிக்குப் போயிருந்தாள். அப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்குத் தொரை ஆபீசுக்கு வான்னு சொன்னப்ப ஏன்டா ஒரு நிமிசம் பேசாம நின்ன?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். எனக்குத்தான் பொய்யும் சரியாக வருவதில்லையே.

"வேலைய நெனச்சேம்ப்பா."

அப்பா மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்காகக் குடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"நானுந்தான்டா நெனச்சேன். அதான் 'சொல்லு'ங்கிறதுக்கு எனக்கும் ஒரு நிமிசம் ஆச்சு."