மூன்று நிமிடம் சாத்திய கேட்டு

நன்னிலத்துக்குத் தெற்கே ஒரு லெவல் கிராசிங்கில் கேட் கீப்பராக இருந்தவர் அடைக்கலசாமி. வண்டி வருமுன் கேட்டைச் சாத்துவது, போனதும் திறப்பது. தன் கையால் இதற்கு மேல் உலகத்தில் எதுவும் ஆகிவிடாது என்று நினைத்திருந்தார்.

அறுபத்தொன்பது தை அறுவடையில் அந்த நினைப்பு போயிற்று. கூலி நெல்லை உயர்த்தினால்தான் வயலில் இறங்குவோம் என்று சங்கத்து ஆட்கள் நின்றுவிட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் வரவழைத்தார். மதியம் ஒரு மணிக்கு லாரி கேட்டுக்கு வந்தது. வண்டி நேரமாகிக் கேட்டைச் சாத்தப் போன அடைக்கலசாமி, டிரைவர் ஹாரன் அடித்ததும் ஒதுங்கி வழிவிட்டார். கால் மணி நேரத்தில், வரப்பில் தனியாக நின்ற சங்கத்துத் தலைவர் இளையபெருமாளை அந்த ஆட்கள் வெட்டிப் போட்டார்கள்.

இரண்டு வருஷம் அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

"நீங்களா வெட்டுனீங்க? தொறந்துவிடுறதுதானே உங்க வேலை" என்பாள் மனைவி மரியபுஷ்பம், அதற்கப்புறம் பிறந்து தூளியில் கிடக்கும் மகள் செலினை ஆட்டிக்கொண்டே.

எழுபத்தொன்று மாசியில் ஒரு மத்தியானம், எந்த வண்டியும் இல்லாத நேரத்தில் ரயில் கூவியது. வெளியே ஓடிவந்தார். தண்டவாளம் வெறுமையாகக் கிடந்தது. ஆனால் காலையில் வெடித்துக் கிடந்த வயல்களில் கதிர் முற்றி நின்றது. கேபினுக்குள் திரும்பிப் பார்த்தார். சுவரில் அறுபத்தொன்பதாம் வருஷக் காலண்டர். சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு அதே லாரி வந்தது.

ஓடிப்போய்க் கேட்டைச் சாத்திப் பூட்டினார்.

"யோவ், ரயிலையே காணும். தொறய்யா!" டிரைவர் கத்தினான்.

"சிக்னல் ஆயிடுச்சு. மூணு நிமிஷம் நில்லுங்க."

அதற்குள் இளையபெருமாள் லாரியைப் பார்த்து ஓடிவிடுவார் என்று நினைத்தார். அவரும் ஓடித்தான் போனார். ஆனால் தெருவிலிருந்து ஐம்பது பேரைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கே வந்துவிட்டார். கல் பறந்தது. மிரண்டுபோன டிரைவர் லாரியை வேகமாகப் பின்னால் எடுத்தான். பின்னால், புருஷனுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு மரியபுஷ்பம் வந்துகொண்டிருந்தாள்.

"புஷ்பம்! ஒதுங்கு!"

கத்திக்கொண்டே ஓடினார். அப்போது ரயில் மறுபடி கூவியது. லாரி இல்லை, கூட்டம் இல்லை. இரண்டு பக்கமும் வயல் வெடித்துக் கிடந்தது.

வீட்டுக்கு ஓடினார். உத்தரத்தில் தூளி இல்லை. தூளிக்கயிறு உரசிய தடமும் இல்லை. சுவரில் மரியபுஷ்பத்தின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

வாசலில் யாரோ செருமினார்கள். இளையபெருமாள்தான். உயிரோடு, இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு நின்றார்.

"என்னண்ணே, கேட்ட விட்டுட்டு ஓடியாந்துட்டீங்க? அண்ணி நெனப்பு வந்துருச்சா?" என்றவர் குரல் இறங்கியது. "அன்னிக்கு நீங்க சாத்தலேன்னா நான் இல்ல. எனக்குத் தெரியும்ணே."

தன் குழந்தையை அடைக்கலசாமி கையில் கொடுத்தார். அது சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. இதே வயதுதான் செலினுக்கும். செலின் என்று ஒருத்தி இருந்ததே இனி அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தக் கோடையில் ரயில் இன்னும் மூன்று முறை நேரங்கெட்டுக் கூவியது. வெளியே போய்க் கேட்டைத் திறந்துவிட்டால் போதும்; புஷ்பமும் செலினும் கிடைத்துவிடுவார்கள். இளையபெருமாளும் அந்தக் குழந்தையும் இருக்கமாட்டார்கள். முதல் முறை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை கதவுவரை போனார். மூன்றாம் முறை ஒரு கால் வெளியே இருந்தது. எதிரே கதிர் முற்றி நிற்பது தெரிந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மறுநாளே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார்.

குத்தாலம் பக்கம் ஒரு கேட்டு கிடைத்தது. இளையபெருமாளே வண்டி கட்டி டிரங்குப்பெட்டியை ஏற்றினார்.

"எங்க மேல எதுவும் கோவமாண்ணே?"

"இல்லப்பா" என்றார் அடைக்கலசாமி. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அதன்பின் ஒவ்வொரு தையிலும் இளையபெருமாள் மகளோடு வந்து பார்த்துவிட்டுப் போவார். அடைக்கலசாமி அவளுக்கு மிட்டாய் வாங்கி வைத்திருப்பார். ஆனால் அன்று வெளியே வைத்த காலை நினைத்து, அவளைத் தன்னிடம் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போக மட்டும் இளையபெருமாளை அவர் ஒருநாளும் விட்டதில்லை.