நான் ஒதுக்கி வைத்த கட்டு

என் நாட்குறிப்பில் உள்ளபடி: “செவ்வாய், காலை 9.40. மரியதாஸுக்குச் சுயநினைவில்லை. மருத்துவர் கேட்டது: எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? மதியம் ஒரு மணிக்குள் சொல்ல வேண்டும்.”

மரியதாஸ் என் தம்பி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை. காலில் பட்ட காயம் சீழ் பிடித்து, விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. வேலூர் மருத்துவமனையில் மூன்றாம் நாள். கொடுத்த மருந்து போதவில்லை. ஒரு மணிக்கு வேறு ஊசிக்கு மாற்றப் போகிறார்கள்.

தம்பி மனைவி லீமா அழுதாள். “அத்தை உயிரோட இருந்தப்போ சொல்வாங்க மாமா, சின்ன வயசுல ஒரு ஊசி இவருக்கு ஆகலன்னு. எந்த ஊசின்னு யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்து சாமிதான் கூட இருந்தாராம்.”

அந்தச் சாமி, எங்கள் பள்ளியின் முதல்வராக இருந்து மறைந்த அருட்தந்தை சவரிராயன். நான் அப்போது திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தேன். எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் அவர் எதையும் எழுதி வைப்பவர். பிள்ளைகள் ‘நோட்டு சாமி’ என்றே கேலி செய்வார்கள். அவருடைய நினைவு மலருக்காக மூன்று மாதம் அந்த நோட்டுகளைப் படி எடுத்தவன் நான். அவருடைய பொடி எழுத்து எனக்கு மட்டுமே பழக்கம். போனில் யாரையும் படிக்கச் சொல்ல முடியாது. நோட்டுகள் பள்ளி பீரோவில் இருந்தன. பஸ் ஏறினேன்.

பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் நான்கு முறை மணி பார்த்தேன். ஜெபமாலை கையில் இருந்தது; மனம் அதில் இல்லை.

11.05க்குப் பள்ளி. எழுத்தர் ஜெயசீலி பீரோவைத் திறந்துவிட்டார். நோட்டு நோட்டாகப் புரட்டினேன். கட்டடத் திறப்பு. ஆயர் வருகை. தேர்வு முடிவு. தம்பி பெயர் எங்கும் இல்லை. 11.50. லீமாவிடமிருந்து போன் மேல் போன்.

தரையில் முழங்காலிட்டேன். “ஆண்டவரே, என் கெட்டிக்காரத்தனம் தீர்ந்துபோச்சு. நீரே காட்டும்.” அவ்வளவுதான் ஜெபம்.

பின்னால் ஜெயசீலியின் குரல். “இன்னா சார், அப்பவே ஒரு கட்டு கட்டி மேல போட்டீங்களே, அத பாக்கலயா?”

“அதுல காய்ச்சல், வயித்து வலின்னுதாம்மா இருக்கும். அது எதுக்குன்னு…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டேன்.

மாலை மணி அடித்ததும் அன்று வராத பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, சைக்கிளில் அவர்கள் வீடுகளுக்குப் போவது சாமியின் வழக்கம். அந்தக் குறிப்புகள் பதினோரு நோட்டுகள். ‘மலருக்குத் தேவையில்லை’ என்று நான் சீட்டு எழுதிக் கட்டிய கட்டு அது. வரலாறு என்றால் கட்டடம் என்று நினைத்திருந்தேன்.

நான்காவது நோட்டு. திருநாள் கணக்கில்தான் அவர் தேதி எழுதுவார். “தவக்காலம் இரண்டாம் வெள்ளி. மரியதாஸ், ஆறாம் வகுப்பு. காய்ச்சலுக்குப் பென்சிலின் ஊசி. உடல் தடித்து மூச்சு முட்டியது. இனி இவனுக்கு இது கூடாது. தாயிடம் சொன்னேன்.”

12.20க்குப் படம் எடுத்து, கீழே அந்த வரிகளைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் லீமா அழைத்தாள். “மாமா, டாக்டரம்மா படிச்சிட்டு ஊசிய நிறுத்தச் சொன்னாங்க. அந்த வகை ஊசிதான் போடறதா இருந்தாங்களாம். வேற மாத்திட்டாங்க.”

வெள்ளிக்கிழமை தம்பி கண் விழித்தான். நோட்டில் கிடைத்ததைச் சொன்னோம். “நோட்டு சாமி என்னைய இன்னும் ஆப்சென்ட் போடலயா?” என்றான். சிரித்தபடியே அழுதோம்.

சாமியைப் புனிதர் என்று நான் சொல்லவில்லை. அது திருச்சபை சொல்ல வேண்டியது. என் ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் தந்தார் என்று மட்டும் சாட்சி சொல்கிறேன். மலரை மாற்றிவிட்டோம், முதல் பக்கங்களில் அந்த நோயாளிப் பட்டியல்தான். சனிக்கிழமைகளில் நானும் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த நோயுற்றோர் வீடுகளுக்குப் போகிறேன், நோட்டு இல்லாமல். மருத்துவமனை வராந்தாவில் நின்று இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோனாலும் ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் கேட்கிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்று அவசரத்தில் நான் படிக்காத கடைசி வரி: “ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியவர் தோல் மண்டி பாய் ஒருவர். பெயர் கேட்க மறந்தேன்.” ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பமும் வாணியம்பாடியில் இன்னொரு குடும்பமும் அது தங்கள் வீட்டுப் பெரியவர்தான் என்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் தம்பியோடு போய் நன்றி சொல்லிவிட்டு வந்தோம். யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.