சுயநலக்காரி கொடுத்த ரத்தம்

ஆழ்வார்பேட்டையில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் நான்தான் பெரிய பேச்சாளர். அதாவது, தொடங்கினால் நிறுத்தமாட்டேன். அன்று தியாகமே உயர்ந்த அறம் என்று முழங்கிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்த கல்லூரி மாணவி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். மறுத்துப் பேசப் போகிறாள் என்பதற்கு எப்போதும் அதுதான் அடையாளம்.

குட்டை முடி, ஒல்லி உடம்பு, அதைவிடக் கனமான புத்தகப் பை. தன் வாழ்வே தனக்கு முதல் மதிப்பு என்னும் புறவயவாதத் தத்துவத்தையும், அரசு தலையிடாத சந்தைப் பொருளாதாரத்தையும் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தாள்.

“சார், யாரும் யாருக்காகவும் தன்னைப் பலி குடுக்க வேணாம். சுயநலம் தப்பே இல்ல,” என்றாள்.

கைதட்டல் எல்லாம் எனக்குத்தான்.

சில வாரங்களில் அடையாறில் எனக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. எளிதில் கிடைக்காத ரத்த வகை என்னுடையது. வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். கும்பிடும் கைகள் ஏராளமாக வந்தன. ரத்தம் கொடுக்க அவள் மட்டும் வந்தாள்.

கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு கட்டிலருகே நின்றவளிடம், “பார்த்தியாம்மா, இதுதான் தியாகம்!” என்றேன், ஜெயித்துவிட்ட பூரிப்பில்.

“தியாகமா? உங்களோட சண்டை போடறது எனக்குப் புடிச்சிருக்கு, சார். எனக்குப் புடிச்சதை நான் காப்பாத்திக்கிறேன். சுத்த சுயநலம்.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நர்ஸ் அதில் மாத்திரையைப் போட்டுவிட்டார்.

அவள் வந்தது அன்பினாலா, கொள்கையினாலா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. யாரோ ஒருத்தியின் சுயநலத்துக்கு நான் தேவைப்பட்டேன் என்பதில் மட்டும் இந்தத் தியாகிக்கு வெட்கமே இல்லாத சந்தோஷம்.