எலி மடித்து வைத்த துணி

கள்ளக்குறிச்சியில் ஏசி ரிப்பேர் பார்க்கிற அமலின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவன் பாட்டைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. ஏணியில் ஏறினால் பாட்டு, இறங்கினால் பேச்சு. அவனுடைய அம்மா பவுலின் வழியில் எல்லாருமே அப்படித்தான். பவுலினின் அப்பா மாதா கோயிலில் பூசை முடிந்து விளக்கணைத்த பிறகும் பாடிக்கொண்டிருப்பார். பவுலினின் தம்பி பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் நாலு பேரை உறவாக்கிவிடுவான். அமலின் அப்பா ஆரோக்கியதாஸ் நேரெதிர். கரும்பு வெட்டிக் காய்த்த கை, பேச்சு கணக்கு. அமலுக்கு வாய் அம்மாவுடையது, கை அப்பாவுடையது. அப்படி அமைந்தது அவன் அதிர்ஷ்டம்.

தொழிலை மெட்ராசில் இருந்த சின்ன அத்தை புருஷனிடம் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினான். மாசி பிறந்தால் கீழே ஏசி வேலை. ஐப்பசி பிறந்தால் கல்வராயன் மலைக்கு வண்டியை விடுவான். வெள்ளிமலைப் பக்கம் வாத்தியார் குடியிருப்பு, லாட்ஜ், புதிதாகக் கட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் சுடுதண்ணீர் கீசருக்கு அவன்தான். கம்பி கருகினால் மாற்றுவான், தொட்டி ஓட்டையானால் வேறு வைப்பான்.

"கீழ இருக்கிறவங்கள குளிர வைக்கிறேன், மேல இருக்கிறவங்கள கொதிக்க வைக்கிறேன். திட்டு மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருது," என்பான்.

மலையில் பொன்னுரங்கம் என்று ஒரு பெரியவர். மகன் வாங்கி மாட்டிய கீசரைத் தொடப் பயந்து, மார்கழிப் பனியிலும் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார். அமல் போய் பழைய வயரை எல்லாம் மாற்றி, தானே முதலில் அதில் குளித்துக் காட்டிவிட்டு வெளியே வந்தான். அன்றைக்குப் பொன்னுரங்கம் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை குளித்தார். மறுநாள் வேலையில்லாமலே குளித்தார். ஒரு பாட்டில் தேனைக் கையில் கொடுத்து, "இவ்ளோ நல்ல கை, பொண்டாட்டி இன்னாத்துக்கு இல்ல?" என்று கேட்டார்.

அதுதான் அமலின் குறை. முப்பதைத் தாண்டிவிட்டான். பெண் கேட்டுப் போன இடமெல்லாம் ஒரே பதில். "ஏசி மெக்கானிக்கா? அவங்கல்லாம் 'கேஸ் போச்சு'ன்னு சொல்லி ஊர ஏமாத்துறவங்களாச்சே!" எவனோ ரெண்டு பேர் செய்தது, தொழிலுக்கே பேராகிவிட்டது.

அமலுக்கும் ஒரு பெண் மேல் மனசு இருந்தது. டயானா என்று பெயர். கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஊர் தியாகதுருகம். அந்த ஆஸ்பத்திரியில் ஏசி சர்வீஸ் செய்யப் போனபோது, "நோயாளிங்க தூங்குறாங்க, பாட்ட நிறுத்துங்க," என்று வந்தவள், வாசல்வரை போய்த் திரும்பி, "மெதுவா பாடுங்க," என்று மாற்றிச் சொன்னாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரி ஏசிகள் மாவட்டத்திலேயே சுத்தமான ஏசிகளாகிவிட்டன.

பவுலின் ஆள் வைத்துப் பெண் கேட்டாள். டயானாவின் அப்பா சவரிமுத்து சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவர், நல்ல மனுஷன். ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்வது அவருடைய அக்கா ஜெயம்மாள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவள். டயானாவின் அம்மா இறந்தபோது டயானாவுக்குப் பால்பல் விழவில்லை. அன்றிலிருந்து வளர்த்து ஆளாக்கியது ஜெயம்மாள்தான். அவள் சம்மதிக்காமல் அந்த வீட்டில் முருங்கைக்காய்கூடக் குழம்பில் விழாது.

ஜெயம்மாளுக்கோ ஏசி மெக்கானிக் என்றாலே ஆகாது. போன கோடையில் அவர்கள் வீட்டு ஏசிக்கு வந்த ஒருத்தன், கேஸ் போச்சு என்று ஊற்றினான். திரும்ப வந்தான், திரும்ப ஊற்றினான். வெயில் தணிவதற்குள் இன்னொரு தடவையும் ஊற்றிவிட்டுப் போனான். அதோடு அந்த வீட்டில் 'கேஸ்' என்ற சொல்லே ஆகாமல் போனது. சமையலுக்கு வருவதைக்கூட ஜெயம்மாள் 'சிலிண்டர்' என்றுதான் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் பவுலின் அனுப்பிய ஆளிடம், "யோசிச்சுச் சொல்றோம்," என்று சொல்லி அனுப்பினாள். ஏன் என்று அமலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது. மணலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட அக்கா நான்சி போன் செய்தாள். நான்சியின் மாமியாரும் ஜெயம்மாளின் ஓரகத்தியும் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி. அந்த வழியில் சேதி கசிந்திருக்கிறது.

"டேய், இன்னிக்கி தியாகதுருகத்துல இருந்து ஏசி வேலைக்கு போன் வரும். அது அவங்க வூடுதான்."

"ஏசி ரிப்பேரா?"

"ரிப்பேரும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்தம்மாவே உள்ள எதையோ சொருவி வச்சிருக்குது. நீ அத எடுத்துட்டு உண்மைய சொல்றியா, இல்ல கேஸ் போச்சுன்னு சொல்றியான்னு பாக்கப் போறாங்க. கேஸுன்னு வாயத் தொறந்தின்னா பொண்ணு இல்ல."

"அடிப்பாவி!"

"நான் சொன்னன்னு தெரிஞ்சா என் மாமியா என்ன தோசக்கல்லுல வச்சு வாட்டும். ஒண்ணும் தெரியாத மாதிரி போ. பாடித் தொலைக்காத. நல்ல சட்டையா போட்டுக்கினு போ."

சொன்ன மாதிரியே போன் வந்தது. அமல் நல்ல சட்டை போட்டான். வண்டிப் பெட்டியிலிருந்து கேஸ் சிலிண்டரை எடுத்துத் தன் கடையிலேயே வைத்தான். சிலிண்டரே இல்லாமல் போனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை அல்லவா?

தியாகதுருகத்து வீட்டில் எல்லாரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஏசி பார்க்க வந்தவனை இப்படி யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. சவரிமுத்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். டயானா கதவோரம் நின்று நகத்தைக் கடித்தாள். ஜெயம்மாள் நாற்காலியை ஏணிக்கு நேராகப் போட்டு, சினிமா பார்க்கிறவள் மாதிரி சாய்ந்திருந்தாள்.

"காத்தே வரலப்பா. இன்னான்னு பாரு."

அமல் ஏறி மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினான். அதற்குப் பின்னால் ஒரு பழைய சேலைத் துண்டு. எட்டாக மடித்து, ஓரம் நீவி, பெட்டியில் வைக்கிற பட்டுச் சேலை மாதிரி பதவிசாகச் சொருகியிருந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். நீங்கள்தான் வைத்தீர்கள் என்று பெரியவளிடம் எப்படிச் சொல்வது?

"துணி ஒண்ணு கெடக்குதும்மா. எலி இழுத்தாந்து போட்டுச்சு போல. வேற ஒண்ணும் இல்லீங்க."

சவரிமுத்துவின் பேப்பர் நேராகத் திரும்பியது. டயானா நகத்தை விட்டாள். ஜெயம்மாளின் முகம் அப்படியே மலர்ந்தது. "காபி போடுடி!" என்றாள். காற்று குபுகுபுவென்று வந்தது.

அமல் அப்போதே இறங்கிப் போயிருக்கலாம். காபி வரும், பேச்சு வரும், பெண்ணும் வருவாள். ஆனால் கை பழகின கை. மூடியை மாட்டுகிற சாக்கில், உள்ளே காற்றைக் குளிர்விக்கிற காயிலைத் தொட்டுப் பார்த்தது. ஒரு பாதி சில்லென்று இருந்தது, மறு பாதி சும்மா இருந்தது.

"அவுட்டோர் பெட்டிய ஒரு கண்ணு பாத்துட்டு வந்துடறேன்," என்று மாடிக்குப் போனான். சின்னக் குழாயில் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது. துணி அடைத்ததால் பூத்திருக்கலாம், காற்று வந்ததும் கரைந்துவிடும் என்று காத்திருந்தான். கரையவில்லை, இன்னும் தடித்தது. அழுத்தம் பார்க்கிற மீட்டரை மாட்டினான். முள் கீழே படுத்திருந்தது.

கேஸ் நிஜமாகவே போயிருந்தது.

மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தியாகதுருகம் மலைக்கோட்டை எதிரே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சொல்லாமல் போனால் இன்றைக்கு எல்லாம் நன்றாக இருக்கும். சித்திரையில் கம்ப்ரசர் கருகும். சொன்னாலோ, போன வருஷம் வந்தவன் சொன்ன அதே சொல். உண்மைக்கும் பொய்க்கும் ஒரே சட்டையை மாட்டி வைத்திருக்கிறானே கடவுள்!

பின்னால் கொலுசுச் சத்தம். டயானா காபியோடு வந்தாள்.

"எல்லாம் முடிஞ்சிச்சுங்களா?"

"இல்லீங்க. கேஸ் போயிருக்குது."

"ஐயோ! அத மட்டும் சொல்லாதீங்க. எங்க அத்தை..." என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியும்," என்றான் அமல். உடனே நான்சி ஞாபகம் வந்து, "இல்ல, தெரியாது," என்றான்.

அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது. "நெசமா போயிருக்குதா?"

"நெசமா."

டயானா கொஞ்சம் யோசித்தாள். "அப்போ சொல்லுங்க. ஆஸ்பத்திரில காய்ச்சல் இருக்குதுன்னா இருக்குதுன்னுதான சொல்றோம்?"

அமல் கீழே இறங்கிப் போய் ஜெயம்மாள் எதிரே நின்றான். ஏணியில் கத்திப் பாடுகிறவன் ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னான்.

"ம்மா... கேஸ் கம்மியா இருக்குதுங்க."

ஜெயம்மாள் எழுந்து நின்றாள்.

"சொல்லிட்டான்! சொல்லிட்டான் பாரு சவரி! நான் சொன்னேனா இல்லியா? துணிய எடுத்தப்ப நல்லவனா இருந்தான். மாடிக்குப் போனான், புத்தி மாறிடிச்சு!"

"நான் சொல்றத நம்ப வேணாம்மா. நீங்களே வந்து பாருங்க. கொஞ்சம் சோப்புத் தண்ணி மட்டும் குடுங்க."

"சோப்புத் தண்ணி எதுக்கு, கண்ணக் கழுவிக்கவா?"

"ஓட்டை எங்கன்னு அது காட்டிக் குடுக்கும்."

டயானா கேட்காமலே ஒரு கிண்ணத்தில் சோப்புத் தூளைப் போட்டுக் கலக்கினாள். ஜெயம்மாள் கனத்த உடம்புக்காரி. படிக்கொரு தரம் மூச்சு வாங்கி, மூச்சுக்கொரு தரம் அந்தப் பழைய மெக்கானிக்கின் பரம்பரையைத் திட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

அமல் பிரஷ்ஷில் தொட்டு, குழாய் சேர்கிற நட்டின் மேல் தடவினான். வெள்ளையாக நுரை பூத்தது.

"சோப்புத் தண்ணில நுரை வராம பால்கோவாவா வரும்?" என்றாள் ஜெயம்மாள்.

"அதனாலதான் நீங்களே தடவுங்க. மொதல்ல இந்தப் பெரிய நட்டுல. இது நல்லா இருக்குது."

அவள் முந்தானையைச் சொருகிக்கொண்டு, தோசைக்கு எண்ணெய் விடுகிற பக்குவத்தில் தடவினாள். நுரை சும்மா இருந்தது, பிறகு செத்துப்போனது.

"இப்ப சின்னதுல."

தடவினாள். நுரை அடங்கியது. எல்லாரும் குனிந்தார்கள். நட்டின் அடியில் கடுகு மாதிரி ஒரு குமிழி. அது மிளகானது. மிளகு சுண்டைக்காயானது. வெயிலில் ஏழு நிறம் காட்டிக்கொண்டு நெல்லிக்காய் அளவுக்கு உப்பி, பட்டென்று வெடித்தது. அடுத்த கடுகு உடனே புறப்பட்டது.

"யம்மாடி, மூச்சு விடுதே!" என்றாள் ஜெயம்மாள். இன்னொரு தரம் தடவினாள். இன்னொரு குமிழி. சின்னப் பிள்ளை மாதிரி விரலால் குத்தி உடைத்தாள். "டேய் சவரி, இங்க பாருடா! அந்தக் கட்டையில போறவன் ஓட்டைய அடைக்காம ஊத்திக்கினே இருந்திருக்கான்டா!"

"குழா முனைல விரிசல்மா. அத வெட்டிட்டு புதுசா விரிச்சு முடுக்கணும். அப்புறம் ஊத்தினா நிக்கும்."

"அப்ப ஊத்து!"

அமல் தலையைச் சொறிந்தான். "சிலிண்டர் கொண்டாரலீங்க."

"ஏசிக்கு வர்றவன் சிலிண்டர் இல்லாம வருவானா? இன்னாத்துக்குக் கொண்டாரல?"

அவன் டயானாவைப் பார்த்தான். டயானா கோட்டையைப் பார்த்தாள். சவரிமுத்து இருமினார். ஜெயம்மாள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போய்க் கொண்டா. சாப்பாட்டுக்குள்ள வந்து சேரு," என்று மட்டும் சொன்னாள்.

அமல் கள்ளக்குறிச்சி போய்த் திரும்பிய வேகத்தை அவன் வண்டிதான் சொல்ல வேண்டும். வழியெல்லாம் பாட்டு. முனையை வெட்டி, புதிதாக விரித்து, முடுக்கி, கேஸ் ஏற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரை ஜெயம்மாளிடமே நீட்டினான். அவள் தடவினாள். குமிழி வரவில்லை. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

கீழே கூடம் மலைக்காற்று வந்த மாதிரி குளிர்ந்திருந்தது. வாழை இலை போட்டிருந்தார்கள், கோழிக் குழம்பு மணந்தது. அமல் முதல் வாய் வைக்கும்போது ஜெயம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்பா, அந்தத் துணிய எலியா இழுத்தாந்து போட்டிச்சு?"

"ஆமாங்க. ரொம்ப நல்ல எலி. மடிச்சு, நீவி, ஓரம் பாத்து வச்சிருக்குது. எங்க அம்மாவுக்குக்கூட அப்படி மடிக்க வராது."

சவரிமுத்துவுக்குப் புரையேறியது. டயானா சமையலறைக்குள் ஓடினாள். ஜெயம்மாள் முகத்தைக் கடுமையாக வைத்துப் பார்த்தாள், அந்தக் கடுமை நிற்கவில்லை. தொடையில் அறைந்துகொண்டு சிரித்தாள்.

"அப்ப எலின்னு பொய் சொன்னியா!"

"வூட்டுப் பெரியவங்கள மாட்டி வுடலாங்களா?"

"கேஸுக்குப் பொய் சொல்லல, எனக்காகச் சொல்லியிருக்க," என்றவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய் டயானா, மாப்ளைக்குக் குழம்பு ஊத்து!"

முறையைப் பார்த்தால் அமலுக்கு அவள் பெரியம்மா ஆகிறாள், அவளுக்கு அவன் மகன். அன்றைக்கே சவரிமுத்து திருத்தினார். ஜெயம்மாளோ, "நான் வளத்த பொண்ணக் கட்றவன் எனக்கு மாப்ளதான். முறைய நீ வச்சுக்கோ," என்றுவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன் கோயிலில் ஓலை வாசித்தார்கள். இந்த இருவர் மணமுடிக்கத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பங்குச் சாமியார் சொல்லி நிறுத்தினார். கோயில் அமைதியாக இருந்தது. பெண்கள் பக்கம் ஜெயம்மாள் மெதுவாகப் பவுலினிடம் சாய்ந்தாள்.

"உன் மவன் ஒண்ணுந் தெரியாத எலி மேல பழி போட்டான். எந்திரிச்சுச் சொல்லட்டா?"

பவுலின் வாய் மூடாத வம்சத்தில் பிறந்தவளாயிற்றே. அவள் சிரித்த சிரிப்பில் சாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். எழுந்து சொல்ல யாரும் இல்லை.